10 வார முயல்குட்டி டிரேயில் போகப் பழகுமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். குட்டிக்கு 10 வாரம், வீட்டுக்கு வந்து 2 வாரம். ஒரு வாரமாக, மூத்திரமும் புழுக்கையும் போகவென்று ஒரு டிரே வைத்துப் பழக்குகிறீர்கள். காலையில் ஒழுங்காக டிரேக்குள் போகிறது. மாலையில் அதே டிரேயில் உட்கார்ந்து நிதானமாகப் புல் மென்றுவிட்டு, வெளியே குதித்து, சோபாவில் ஏறி மூத்திரம் பெய்துவிடுகிறது. அறை முழுக்கப் புழுக்கை. அதட்டினால் சோபாவுக்கு அடியில் ஓடி ஒளிகிறது. சில நாள் டிரேயிலேயே படுத்துத் தூங்குகிறது. "எத்தனை நாளில் பழகும்?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: "வேண்டுமென்றே செய்கிறதோ என்று கோபம் வருகிறது, அப்புறம் பாவமாகவும் இருக்கிறது." உங்கள் உண்மையான கேள்வி அங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. குட்டி பிடிவாதம் பிடிக்கிறதா, நீங்கள் பழக்கும் முறை தப்பா, இல்லை முயலுக்கே இது வராதா?

வேண்டுமென்றே செய்யவில்லை. முயலுக்கு இது நன்றாகவே வரும். நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியவை இரண்டு மூன்று இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே வருகிறேன். ஆனால் 10 வாரக் குட்டி ஒரே வாரத்தில் பாதி நேரம் சரியாகப் போகிறது என்றால் அது நல்ல தொடக்கம். நான் கால்நடை மருத்துவர் இல்லை. 12 வருடமாக முயல் வளர்க்கிறேன். மற்றவர்கள் வைத்துக்கொள்ள முடியாமல் விட்ட முயல்களை வாங்கித் தேற்றி, வேறு நல்ல வீடு பார்த்துக் கொடுப்பேன். அப்படி வந்தவற்றில் பாதிக்கு மேல், "கண்ட இடத்தில் போகிறது" என்ற ஒரே குறைக்காக வெளியேற்றப்பட்டவை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இதில் உடம்பு சம்பந்தப்பட்டவை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. பழக்கம் சம்பந்தப்பட்டவை கூடவே இருந்து பார்த்தவை.

வீட்டில் வளர்க்கும் எல்லா முயல் இனங்களும் ஐரோப்பியக் காட்டு முயலின் வழி வந்தவை. அது மண்ணுக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் பிராணி. வளையைச் சுற்றிக் குறிப்பிட்ட சில இடங்களுக்கே திரும்பத் திரும்பப் போய்ப் புழுக்கையைக் குவித்து வைக்கும். அந்தக் குவியல் கழிப்பிடம் மட்டும் இல்லை. "இது எங்கள் இடம்" என்று பிற முயல்களுக்குச் சொல்லும் எல்லைக்கல்லும் அதுதான். ஒரே இடத்தைத் தேடிப் போகும் குணம், வாசனையால் இடத்தைத் தனதாக்கும் குணம் இரண்டுமே உங்கள் குட்டிக்குள் இருக்கின்றன. நாம் புதிதாக எதையும் கற்றுத் தருவதில்லை. அது ஏற்கெனவே வைத்திருக்கும் பழக்கத்தை ஒரு டிரேயின் மேல் கொண்டுவந்து நிறுத்துகிறோம், அவ்வளவுதான் நம் வேலை.

இனி மூத்திரத்தையும் புழுக்கையையும் மனதில் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். மூத்திரத்தை, கருத்தடை செய்த வளர்ந்த முயல் கிட்டத்தட்ட முழுமையாக ஒரே இடத்தில் விடும், அதை நம்பலாம். புழுக்கை அப்படி இல்லை. நன்றாகத் தின்னும் முயல் ஒரு நாளைக்கு 200, 300 உருண்டை போடும். அதில் பெரும்பங்கு டிரேயில் விழும், ஆனால் பத்துப் பதினைந்து எப்போதும் வெளியே கிடக்கும். ஓடும்போது சில விழும். புதிய அறைக்குள் விட்டால் சுவர் ஓரமாகச் சிலவற்றை வரிசையாகப் போட்டு வைக்கும். தன் கூண்டு வாசலிலும் போடும். காய்ந்த புல்லை அரைத்து உருட்டியது போன்ற பொருள் அது. கையில் எடுத்தாலும் ஒட்டாது, நாற்றமும் இருக்காது. சின்னத் துடைப்பத்தால் ஒரு நிமிடத்தில் கூட்டிவிடலாம். இந்தப் பத்துப் பதினைந்தைத் தோல்வியாக எண்ணினீர்கள் என்றால் பழகிய முயலைக்கூடப் பழகாதது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. கறுப்புத் திராட்சைக் கொத்தைச் சிறிதாக்கியது போல, பளபளவென்று, மென்மையாக, வாடையோடு இருக்கும். செகோட்ரோப் என்று பெயர். பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள ஒரு பையில் புல் நொதித்து உண்டாவது இது. முயல் அதைப் பின்புறத்திலிருந்து நேராக வாயில் வாங்கித் தின்றுவிடும். புரதமும் பி வைட்டமின்களும் அதில் இருக்கின்றன. முயல் உடம்புக்கு அது தேவை. தடுக்கக் கூடாது. குட்டி தலையைக் குனிந்து தன் பின்புறத்தில் எதையோ எடுத்து மெல்வதைப் பார்த்தால் முகம் சுளிக்காமல் விட்டுவிடுங்கள். அது தின்னாமல் தரையில் மிதிபட்டு அடிக்கடி கிடந்தால்தான் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் கடைத் தீவனக் குருணை அதிகமாகி, புல் குறைந்திருக்கும்.

சரி, இடத்துக்கு வருவோம். பலரும் செய்யும் தவறு, டிரேயை நமக்கு வசதியான மூலையில் வைத்துவிட்டு முயலை அங்கே வரச் சொல்வது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பழுப்புக் குட்டி வந்தது. வயது கிட்டத்தட்ட உங்கள் குட்டியின் வயதுதான். ஜன்னலுக்குக் கீழே டிரே வைத்தேன். அது கதவுக்குப் பின்னால் இருந்த மூலைக்கே போனது. தூக்கிக் கொண்டுவந்து டிரேயில் விட்டேன். இறங்கி மறுபடி கதவுக்குப் பின்னால் போனது. மூன்று நாள் இப்படியே நடந்தது. நான்காம் நாள் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து வேறு எதுவும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூலைக்குள் பின்பக்கமாக நகர்ந்தது. காதைப் பின்னால் சாய்த்து, வாலை ஒரு விரல் அளவு தூக்கி, அசையாமல் நின்றது. கண்கூடப் பாதி மூடியிருந்தது. இரண்டு பக்கமும் சுவர், முன்னால் கதவு. எந்தப் பக்கமிருந்தும் எதுவும் பாய முடியாத இடம். வேட்டையாடப்படும் பிராணிக்கு அதைவிடப் பத்திரமான இடம் அந்த அறையில் இல்லை. டிரேயை அங்கே தூக்கி வைத்தேன். அன்று மாலையே அதில் போனது. ஒரு மாதம் கழித்து, கதவு இடிக்கிறது என்று டிரேயை நாளுக்கு ஒரு சாண் வீதம் நகர்த்தி ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோனேன். அதுவும் கூடவே வந்தது.

ஆக, முதல் வேலை பார்ப்பது. அந்த வால் தூக்கலும் பின்னோக்கி நகர்வதும்தான் அடையாளம். தூங்கி எழுந்ததும், தின்று கொஞ்ச நேரத்திலும் போகும். முயல் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் அதிகம் நடமாடும். அந்த இரண்டு வேளையும் நீங்கள் பக்கத்தில் இருந்தால் அதன் வழக்கம் இரண்டே நாளில் பிடிபடும். உங்கள் குட்டி காலையில் சரியாகப் போய் மாலையில் தப்பு செய்வதற்கு என் ஊகம் இது: காலையில் அது கூண்டிலோ தடுப்புக்குள்ளோ இருக்கிறது, மாலையில் முழு அறையும் திறந்து விடுகிறீர்கள். அப்படியென்றால் காரணம் நேரம் இல்லை, பரப்பு.

பரப்பைப் பற்றி நான் மிக உறுதியாக இருக்கிறேன். குட்டிக்கு இவ்வளவு பெரிய அறை வேண்டாம். கம்பித் தடுப்பு வைத்து, நான்கு தாவலில் சுற்றி வரும் அளவுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். அதற்குள் டிரே, தண்ணீர், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. அங்கே நாலைந்து நாள் தொடர்ந்து மூத்திரம் முழுவதும் டிரேயில் விழுந்தால் தடுப்பை ஓர் அடி தள்ளி வையுங்கள். மறுபடி நாலைந்து நாள். பிசகினால் பழைய அளவுக்கே திரும்புங்கள். இது தண்டனை இல்லை, அதனால் குட்டிக்கு வருத்தமும் இல்லை. 10 வாரத்தில் மூத்திரப்பை சின்னது, அடக்கும் சக்தியும் முழுதாக வந்திருக்காது. சோபாவில் விளையாடும்போது முட்டிக்கொண்டு வந்தால், அறையின் மறுகோடியில் இருக்கும் டிரே அதற்கு எட்டாத தூரம். பெரிய அறையில் விட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு மூன்று டிரே வையுங்கள். எதைத் தொடவே இல்லையோ அதைப் பிறகு எடுத்துவிடலாம்.

ஓடி விளையாட அதற்கு இடம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், தினமும் வேண்டும். நீங்கள் கூடவே தரையில் உட்கார்ந்து கவனிக்கும் அரைமணி, ஒருமணி நேரம் முழு அறையையும் திறந்து விடுங்கள். திறக்கும் முன் அது டிரேயில் ஒருமுறை போய்விட்டதா என்று பாருங்கள். போன பிறகு விட்டால் அந்த அரைமணிக்குக் கவலை இல்லை.

டிரே எப்படி இருக்க வேண்டும்? முயலுக்கென்று விற்கும் முக்கோண மூலை டிரே பெரும்பாலும் சிறிது. வளர்ந்த முயல் உள்ளே முழுதாகத் திரும்பி, நீட்டிப் படுக்க முடிய வேண்டும். பெரிய பூனை டிரே அளவு சரியாக இருக்கும். நுழையும் பக்கம் குட்டி சிரமமில்லாமல் ஏறும்படி தாழ்வாக இருக்கட்டும். பின்பக்கமும் இரண்டு ஓரமும் உயரமாக இருக்கட்டும். முயல் பின்னோக்கிப் போய் மூலையில் முட்டி வாலைத் தூக்குவதால் தாழ்ந்த சுவரைத் தாண்டி மூத்திரம் வெளியே விழும். "டிரேயில்தான் உட்கார்கிறது, ஆனால் பக்கத்துத் தரை ஈரம்" என்று சொல்பவர்களில் பலருக்குப் பிரச்சினை இந்தச் சுவர்தான். டிரேக்கு மேல் கம்பி வலை போட்டு விற்பதையும் பார்த்திருப்பீர்கள். எடுத்துவிடுங்கள். நாய், பூனைக்கு இருப்பது போன்ற பாதத் திண்டு முயலுக்கு இல்லை, உரோமம் மட்டுமே. கம்பியில் நின்று நின்று குதிகாலில் புண் வரும்.

டிரேயில் உட்கார்ந்து புல் தின்கிறது என்று குறையாக எழுதியிருந்தீர்கள். அது குறை இல்லை, உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய உதவி. முயல் மென்றுகொண்டே புழுக்கை போடும். வாய் அசையும்போது பின்னால் விழுந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் எல்லோரும் புல்லை டிரேக்குள்ளேயே ஒரு பக்கம் குவிப்பார்கள், அல்லது டிரேயில் உட்கார்ந்தால் மட்டும் எட்டும்படி தொட்டியில் கட்டுவார்கள். அசுத்தமான புல்லைத் தின்னுமே என்று பயப்பட வேண்டாம். நனைந்ததை அது ஒதுக்கிவிடும், நீங்கள் தினமும் மேலே புதிதாகப் போட்டால் போதும். இங்கே நான் புல் என்பது உலர்ந்த பசும்புல்லை. கதிர் அடித்த பிறகு மிஞ்சும் வைக்கோலைச் சொல்லவில்லை. அதில் சத்து மிகக் குறைவு. குட்டிக்குக் குதிரைமசால் என்ற தீவனப் பயிரைக் கொடுக்கிறீர்கள் என்றால் அதில் கால்சியம் அதிகம் என்பதை நினைவில் வையுங்கள். முயலின் உடம்பு உணவில் வரும் கால்சியத்தைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொண்டு, மிஞ்சியதை மூத்திரத்தில் வெளியேற்றும். டிரேயின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு போல் படிவது அதுதான். வினிகர் ஊற்றிச் சிறிது நேரம் ஊற விட்டால் உரிந்து வந்துவிடும்.

டிரேயில் படுத்துத் தூங்குவதும் பரவாயில்லை. புதிய வீட்டில் தன் வாசனை உறுதியாக இருக்கும் ஒரே இடம் அது. தடுப்புக்குள் மெத்தென்ற வேறு படுக்கை எதுவும் இல்லாமல் இருக்கலாம். பெட்டிக்குள் புல் போட்டு வைத்துப் பாருங்கள். இரண்டிலும் படுத்தால் படுக்கட்டும், டிரே உலர்ந்திருந்தால் தீங்கில்லை. ஈரமாக இருந்தால் மட்டும் தீங்கு. மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா முயலின் மூக்கையும் நுரையீரலையும் அரிக்கும். தரையோடு மூக்கை வைத்துப் படுக்கும் பிராணிக்கு அந்த நெடி நமக்குத் தெரிவதைவிட அதிகம்.

உள்ளே என்ன போடுவது என்பதில் கண்டிப்பாக இருங்கள். காகிதத்தை அழுத்திச் செய்த குருணை நல்லது. மரத்தூளைச் சூட்டில் உலர்த்தி அழுத்திய குருணையும் நல்லது. இரண்டும் கிடைக்காவிட்டால் செய்தித்தாளை நாலைந்து அடுக்கு விரித்து மேலே புல் போடலாம். அதிலேயே பல முயல்களைப் பழக்கியிருக்கிறேன். முயல் பூனை போல் தோண்டி மூடாது. எனவே 2, 3 சென்டிமீட்டர் கனம் போதும். பூனைக்கு விற்கும், நனைந்தால் கட்டியாகும் களிமண் மட்டும் கூடவே கூடாது. முயல் எதையும் கடித்துப் பார்க்கும், குட்டி அதைவிட அதிகமாகக் கடிக்கும். அது வயிற்றுக்குள் போய் இறுகினால் உயிருக்கே ஆபத்து. அதன் தூசியும் கெடுதல். சிலிக்கா மணிகளும் வேண்டாம். பைன், சிடார் மரச் சீவல் கமகமவென்று இருக்கும். அந்த மணத்தைத் தரும் பொருள்தான் மூச்சுக்குழலை உறுத்தி, ஈரலின் நொதிகளையும் மாற்றுகிறது. மணம் போக உலர்த்திய குருணைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

தினமும் நனைந்த பகுதியை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். பழக்கும் முதல் சில வாரங்களில் மட்டும் முழுக்கத் துப்புரவாக்க வேண்டாம். ஒரு பிடி பழைய குருணையும் பத்துப் புழுக்கையும் மூலையில் விட்டு வையுங்கள். வெளியே மூத்திரம் போனால் அதைத் துடைத்த காகிதத்தையும் டிரேக்குள் போடுங்கள். வெளியே கிடக்கும் புழுக்கையைப் பொறுக்கி டிரேயில் சேருங்கள். "போகும் இடம் இது" என்பது முயலுக்கு மூக்கின் வழியாகத்தான் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை டிரேயைத் தண்ணீரும் வினிகரும் விட்டுக் கழுவினால் போதும்.

சோபா தனி விஷயம். மெத்தென்ற பரப்பைக் காலால் மிதித்ததும் முயலுக்கு மூத்திரம் போகத் தோன்றுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். படுக்கை, தலையணை, மடித்து வைத்த துணி, எல்லாவற்றிலும் அப்படித்தான். கூடவே அங்கே உங்கள் வாசனை அழுத்தமாக இருக்கிறது. தன் வாசனையையும் அதோடு கலக்கப் பார்க்கிறது என்பது பலரின் விளக்கம். எனக்கும் சரியாகவே படுகிறது, ஆனால் மூக்கின் வழி உலகத்தை அறியும் ஒரு பிராணியின் நோக்கத்தை வெளியிலிருந்து ஊகிப்பதுதான் அது. காரணம் எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றே. ஒருமுறை போன இடத்தில் வாசனை மிஞ்சினால் மறுமுறையும் அங்கேதான் போகும். ஈரத்தை ஒற்றி எடுத்து, வினிகரைத் தண்ணீரில் கலந்து துடையுங்கள். நூலிழைக்குள் இறங்கிவிட்டிருந்தால் செல்லப் பிராணிகளின் கறைக்கென்று விற்கும் நொதி கலந்த திரவம் நல்லது. அம்மோனியா கலந்த தரைத் திரவம் வேண்டாம், அதன் நெடியே மூத்திர நெடி. அப்புறம் சில மாதத்துக்குச் சோபாவை மறந்துவிடச் செய்யுங்கள். மேலே ஏற முடியாதபடி அட்டை வைத்து மறையுங்கள். அது மடிக்கு வர ஆசைப்பட்டால் நீங்கள் தரைக்கு இறங்கி உட்காருங்கள்.

அதட்டலைப் பற்றி. நீங்கள் அடிக்கவில்லை, குரலை மட்டும் உயர்த்தினீர்கள் என்று தெரிகிறது. அதையும் விட்டுவிடுங்கள். நாய்க்குட்டியிடம் "வேண்டாம்" என்றால் நம் முகத்தைப் பார்த்து எதையோ புரிந்துகொள்ளும். முயல் அப்படி இல்லை. பெரிய உருவம் ஒன்று சத்தம் போட்டபடி தன்னை நோக்கி வருகிறது என்றால், அதன் உடம்புக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான். மூத்திரம் போனதற்கும் சத்தத்துக்கும் அது முடிச்சுப் போடாது; உங்களுக்கும் பயத்துக்கும்தான் போடும். அப்படிப் பயந்த முயல்கள் என்னிடம் வந்திருக்கின்றன. ஒரு வெள்ளை முயல், யாராவது அறைக்குள் நுழைந்தாலே நின்ற இடத்தில் மூத்திரம் விட்டுவிடும். அதைக் கையால் தொட எனக்கு ஐந்து வாரம் ஆனது. குட்டி வாலைத் தூக்குவதைப் பார்த்த கணத்தில், மெல்லிய குரலில் பேசியபடி டிரே பக்கம் ஓட்டி விடலாம்; தூக்கிப் போட வேண்டாம். முடிந்த பிறகு பார்த்தீர்கள் என்றால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். இன்னொன்று: குட்டி கூண்டுக்குள் இருக்கும்போது கையை விட்டு இழுப்பதோ, அது உள்ளே இருக்கும்போதே சுத்தம் செய்வதோ வேண்டாம். தன் இடம் பத்திரம் என்று நம்பும் முயல் அந்த இடத்தை வாசனையால் காக்கத் தேவையில்லை.

டிரேயில் போனதும் தின்பண்டம் கொடுக்கலாமா? இதில் அனுபவங்கள் இரண்டு விதம். சில குட்டிகள் உடனே பிடித்துக்கொள்ளும். சில, டிரேயில் காலை வைத்துவிட்டு, போகாமலே நம்மைத் திரும்பிப் பார்க்கும். போய் முடித்த கணத்தில், அது விரும்பும் ஒரு சிறு தழை கொடுத்துப் பாருங்கள். இனிப்பு வேண்டாம், குட்டியின் குடல் தாங்காது. மூடி வைத்த டிரேயும் அப்படித்தான். ஒன்றுக்குக் குகை போலப் பிடிக்கும், இன்னொன்று உள்ளே போகவே மறுக்கும். திறந்த டிரேயில் தொடங்குவது நல்லது.

வயதைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் மனம் உடைந்துபோவீர்கள். வளர்ந்த முயலைவிடக் குட்டியைப் பழக்குவதுதான் கடினம். இப்போது பழகினாலும், ஏறக்குறைய மூன்றரை, நான்கு மாதத்தில் சின்ன இனங்கள் பருவத்துக்கு வரும். பெரிய இனங்கள் இன்னும் தாமதமாக. அப்போது எல்லாம் மறந்தது போலத் தோன்றும். ஆண் முயல் உங்கள் காலைச் சுற்றிச் சுற்றி ஓடி, மெல்ல உறுமி, ஒருநாள் மூத்திரத்தைப் பீய்ச்சியும் அடிக்கும். பெண்ணும் பீய்ச்சலாம். வெளியே விழும் புழுக்கை பத்துப் பதினைந்திலிருந்து ஐம்பது ஆகும், வாடையும் அடிக்கும். மறக்கவில்லை, உடம்பில் ஹார்மோன் பேசுகிறது. இதற்குப் பயிற்சியால் தீர்வு கிடையாது, கருத்தடை அறுவைதான் தீர்வு. ஆணுக்கு விரை இறங்கிய பிறகு, வழக்கமாக நாலு மாத வாக்கில் செய்வார்கள். பெண்ணுக்கு நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள். பெண்ணுக்கு இதில் டிரேயைவிடப் பெரிய காரணம் இருக்கிறது: கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏறும்போது கருப்பைப் புற்றுநோய் வருவது மிக அதிகம். அறுவைக்குப் பின் ஹார்மோன் வடிய 4, 6 வாரம் ஆகும்; மறுநாளே மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். முயல்களுக்கு அறுவை செய்து பழக்கமுள்ள மருத்துவரையே தேடுங்கள். ஒரு சின்னச் சோதனை: அறுவைக்கு முன் இரவு முழுக்கப் பட்டினி போடச் சொன்னால், வேறு மருத்துவரிடமும் கேளுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதன் குடல் நிற்கவும் கூடாது. அதனால் அதற்குப் பட்டினி தேவையில்லை.

கடைசியாக, எது பழக்கம், எது நோய் என்பது. முயலின் மூத்திரம் வெளிர் மஞ்சளிலிருந்து செங்கல் நிறம் வரை மாறும். தின்ற செடிகளில் உள்ள நிறமிகள்தான் பெரும்பாலும் காரணம். என் முதல் முயல் ஒரு காலை டிரேயைச் சிவப்பாக்கியிருந்ததைப் பார்த்து நடுங்கிப்போய் மருத்துவரிடம் ஓடினேன். சோதனைப் பட்டையை மூத்திரத்தில் நனைத்துப் பார்த்து ரத்தம் இல்லை என்றார். கண்ணால் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது, சந்தேகம் வந்தால் சோதிக்கத்தான் வேண்டும். நன்றாகப் பழகிய முயல் திடீரென்று வெளியே போக ஆரம்பித்தாலும், சொட்டுச் சொட்டாகப் போனாலும், முக்கினாலும், பின்கால் எப்போதும் நனைந்திருந்தாலும், அது மூத்திரத் தொற்று, கல், மூட்டுவலி என்று ஏதாவதாக இருக்கலாம். முதலில் மருத்துவர், அப்புறம் டிரே. குட்டிக்குத் தண்ணீராகக் கழிந்தால் அன்றைக்கே போக வேண்டும், மறுநாள் வரை பொறுக்காது. எந்த வயதிலும் 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அதுவும் அவசரம்தான். டிரே பழகியதில் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை இதுதான்: காலையில் ஒரு பார்வையில் எண்ணிக்கை குறைந்ததா, உருண்டை சிறுத்ததா, முடியில் கோத்து வந்ததா என்று தெரிந்துவிடும்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். சின்ன இடத்தில் வைத்து, புல்லை டிரேயில் போட்டு, சோபாவை மறைத்தால், என்னிடம் இருந்த குட்டிகளில் பெரும்பாலானவை மூன்று நாலு வாரத்தில் மூத்திரத்தை டிரேயோடு நிறுத்திக்கொண்டன. பருவத்தில் மறுபடி கலைந்து, அறுவை முடிந்து இரண்டு மாதத்துக்குள் நிலைபெற்றன. முழு அறையை அதன் பிறகுதான் கொடுத்தேன், சோபாவை எல்லாவற்றுக்கும் கடைசியில். உங்கள் குட்டி ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. இந்த வயதில் தவறாகச் சொல்லி விற்பது சகஜம், மருத்துவரிடம் காட்டும்போது அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று மாலை தடுப்பை மட்டும் சுருக்கிவிட்டு, அந்தி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மூலைக்குப் பின்னோக்கி நகர்கிறது என்று பாருங்கள். டிரேயை அங்கே தூக்கி வையுங்கள்.